உப்பைக் கலந்து கடல் செய்த பிலிப் கோஸ்

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. கோவை உக்கடம் சந்தைக்குக் கடல் மீன் லாரியில் வந்து சேருகிறது. கடல் வருவதில்லை.

அப்படி இருந்தும், கடலைக் காணாத ஊர்களில் சில வீடுகளின் கூடத்திலே கண்ணாடித் தொட்டிக்குள் கடல் மீன்கள் நீந்துகின்றன. அந்தத் தண்ணீர் கடலிலிருந்து கொண்டு வந்தது அல்ல. உப்புக் கலவையை வாங்கி, சுத்தமான தண்ணீரில் கரைத்துச் செய்தது.

கடலை இப்படி வீட்டிலேயே செய்து கொள்ளலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் பிலிப் ஹென்றி கோஸ். வறுமையில் பிறந்து, சொந்த முயற்சியால் விஞ்ஞானி ஆனவர்.

இளமை

1810-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ந் தேதி இங்கிலாந்தில் உஸ்டர் நகரில் கோஸ் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று சிறிய உருவப் படங்கள் வரைந்து கொடுப்பவர். வருமானம் சொற்பம். குடும்பம் பூல் என்ற துறைமுக ஊரில் குடியேறியது.

அந்த ஊர்க் கடற்கரைதான் கோஸின் முதல் பள்ளிக்கூடம். பாறைக் குழிகளில் கடல் நீர் தேங்கி நிற்கும். அதில் கடல் சாமந்திகள் ஒட்டிக் கொண்டிருக்கும். பார்ப்பதற்குப் பூ, உண்மையில் அது ஒரு பிராணி. உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அவற்றைச் சிறுவனுக்குக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்தார்.

படிப்பு நீடிக்கவில்லை. பதினைந்து வயதில் குமாஸ்தா வேலை. 17-வது வயதில், 1827-ல், கப்பல் ஏறி நியூபவுண்ட்லாந்து தீவுக்குப் போனார். அங்கும் கணக்கு எழுதும் வேலைதான். ஓய்வு நேரத்தில் பூச்சிகளைப் பிடித்து, பார்த்து, வரைந்தார். ஆசிரியர் யாரும் இல்லை. புத்தகமும் கண்ணும்தான் துணை.

பிறகு கனடாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். பலன் இல்லை. அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்தில் சில மாதம் பள்ளி ஆசிரியராக இருந்தார். அங்கே நீக்ரோ மக்களை அடிமைகளாக வைத்து வதைத்ததைக் கண்டு மனம் நொந்தார். 1839-ல் வெறுங்கையுடன் தாய்நாடு திரும்பினார்.

அவர் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. கனடாவின் இயற்கையைப் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதி. 1840-ல் அது புத்தகமாக வந்தது. அன்று முதல் எழுத்தே அவருக்குப் பிழைப்பு ஆயிற்று.

பிள்ளையும் பறவையும்

1844-ல் ஜமைக்கா தீவுக்குச் சென்று ஒன்றரை ஆண்டு பறவைகளை ஆராய்ந்தார். 1848-ல் எமிலி என்ற பெண்ணை மணந்தார். அவரும் எழுத்தாளர்.

மறு ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில், மகன் பிறந்த செய்தியோடு ஜமைக்காவிலிருந்து ஒரு பறவை வந்து சேர்ந்த செய்தியையும் கோஸ் சேர்த்து எழுதி வைத்தார்! அவருடைய மனம் எதில் தோய்ந்திருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஓயாத உழைப்பால் உடல் கெட்டது. 1852-ல் ஓய்வுக்காக டெவன் கடற்கரைக்குச் சென்றார். ஓய்வு எடுத்தாரா? இல்லை. கண்ணாடிப் பாத்திரங்களில் கடல் நீரை நிரப்பினார். கடற்பாசியையும் சிறு பிராணிகளையும் ஒன்றாக விட்டார். பாசி வெளியிடும் பிராண வாயுவால் பிராணிகள் உயிரோடு இருந்தன.

1853-ம் ஆண்டு மே மாதம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சி சாலை திறக்கப்பட்டது. பொது மக்களுக்காக அமைந்த முதல் மீன் காட்சி சாலை அதுதான். அதற்கு வேண்டிய பிராணிகள் பலவற்றைச் சேகரித்துக் கொடுத்தவர் கோஸ். மறு ஆண்டு அவர் எழுதிய நூல்தான் அக்வேரியம் என்ற சொல்லை ஊரெங்கும் பரப்பியது.

கடலுக்கு ஒரு கணக்கு

ஒரு சங்கடம் இருந்தது. லண்டனில் வசிப்பவர் கடல் நீருக்கு எங்கே போவார்? பீப்பாயில் கொண்டு வந்தால் செலவு அதிகம். வழியிலே நீர் கெட்டும் போகும்.

கடல் நீரில் என்னென்ன உப்பு எவ்வளவு இருக்கிறது என்று ரசாயன நிபுணர்கள் முன்பே பிரித்துப் பார்த்திருந்தார்கள். அந்தக் கணக்கை வைத்துக் கொண்டு, 1854-ல் கோஸ் தாமே கடல் நீர் தயாரித்தார்.

சாதாரண உப்பு சுமார் 99 கிராம். பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பு 7 கிராம். மெக்னீசியம் குளோரைடு 13 கிராம். பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராம். நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர். அவ்வளவுதான்!

கலந்த உடனே அவர் பிராணிகளை விட்டுவிடவில்லை. நீரை வடிகட்டினார். முதலில் கடற்பாசியை இட்டார். சில நாட்கள் பொறுத்து, நீர் பக்குவப்பட்ட பின்பே பிராணிகளை விட்டார். அவை நன்றாக வாழ்ந்தன.

லண்டன் மருந்துக் கடைக்காரர் ஒருவர் இந்தக் கணக்குப்படி உப்புகளைக் கட்டி விற்றார். இன்று வாளியிலும் பையிலும் விற்கும் உப்புக் கலவைக்கு அந்தப் பொட்டலமே முன்னோடி.

எந்த உப்பு நல்லது?

கடல் என்பது வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. பல உப்புகள் சரியான அளவில் சேர்ந்த நீர். கோஸின் கணக்கு கற்பித்த பாடம் இதுதான்.

ஆகவே அடுப்பங்கரை உப்பைக் கரைத்தால் கடல் ஆகாது. அதில் சோடியம் உண்டு. மெக்னீசியமும் பொட்டாசியமும் போதாது. நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்றுச் சப்பைத் தண்ணீரும் கடல் நீர் ஆகாது. சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான். ஆனால் குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கும். ஆகையால் ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்த நீரையே பயன்படுத்த வேண்டும்.

ஒரு லிட்டர் கடல் நீரில் உப்புகள் சுமார் 35 கிராம் இருக்கின்றன. மெக்னீசியம் சுமார் 1,300 மில்லி கிராம். சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் சுமார் 400 மில்லி கிராம். கோஸ் கால்சியத்தைத் தனியாகச் சேர்க்கவில்லை. கூடு கட்டாத கடல் சாமந்திகளுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பவளமோ கால்சியத்தைக் கொண்டே தன் கூட்டைக் கட்டுகிறது. எனவே பவளத் தொட்டிக்கென்று விற்கும் கலவைகளில் கால்சியம் கூடுதலாக இருக்கும். மீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கு அந்த விலை உயர்ந்த கலவை அவசியம் இல்லை.

எதை வாங்கினாலும், தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும்; உப்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. நன்றாகக் கலக்கி, ஒரு நாள் வைத்து, உப்பின் அளவைக் கருவியால் பார்த்த பிறகே தொட்டியில் சேர்க்க வேண்டும்.

இரண்டு துயரங்கள்

கோஸின் புகழ் வளர்ந்தது. 1856-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. ஆனால் 1857 பிப்ரவரியில் மனைவி எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். மகனுக்கு அப்போது ஏழு வயது. அதே ஆண்டு கோஸ் எழுதிய ஒரு நூல், பூமியின் வயதைப் பற்றியது, எல்லாராலும் ஒதுக்கப்பட்டது. அவர் மகனை அழைத்துக் கொண்டு டெவன் கடற்கரைக்கே குடிபோனார். கடல் சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய பெரிய நூலை 1860-ல் முடித்தார்.

இன்னொரு துயரம் அந்தக் கடற்கரையிலேயே காத்திருந்தது. அவருடைய நூல்களைப் படித்த மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்தார்கள். வீட்டுத் தொட்டிக்காகப் பாறைகளைச் சுரண்டி எடுத்தார்கள். கோஸ் கண்டு மகிழ்ந்த பாறைக் குழிகள் வெறுமையாயின. தம் எழுத்தே இதற்குக் காரணம் என்று அவர் வருந்தினார். மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய நூலில் இந்த வேதனையைப் பதிவு செய்திருக்கிறார்.

1888-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி, 78-வது வயதில் கோஸ் காலமானார்.

நமக்கும் ஒரு பாடம்

நம் தமிழ்நாட்டிலும் பவளப் பாறைகள் உண்டு. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி அவை வளர்ந்திருக்கின்றன. 1986-ல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளங்களும் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

அப்படியானால் வீட்டுத் தொட்டியில் எதை வளர்ப்பது? கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்திருக்கிறது. அப்படி வளர்த்த மீன்களை வாங்கலாம். செயற்கைப் பாறைகளை அடுக்கலாம்.

கடல் நீரை நாமே கலந்து கொள்ளலாம். பவளத்தை நம்மால் செய்ய முடியாது. அது கடலிலேயே இருக்கட்டும்.