வீட்டுக் கம்பமும் கல்லூரிக் கம்பமும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, ஜெகதீச சந்திர போஸைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் செடி கொடிக்கு உணர்ச்சி இருக்குன்னு சொன்னவர்தானே, நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றார். நம்மில் பலருக்கும் அவரைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு வரிதான். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. பாம்பனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு, மதுரையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரை இயக்க வேண்டிய நிலைமை வந்த பிறகுதான் அவரைத் தேடிப் படித்தேன்.

கதை இதுதான். கடந்த ஆண்டு மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பி.சி.பி. வரைபடம் போடுகிற வேலை. சேர்ந்த மூன்றாவது வாரம் அம்மா படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. அப்பா நாட்டுப் படகில் கடலுக்குப் போகிறவர். தங்கைக்குப் பள்ளிக்கூடம். நான் ஊருக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும். பயிற்சியை விட்டால் சான்றிதழ் போச்சு, படிப்பும் ஒரு வருடம் பின்னால் போகும். அங்கே வேலை பார்த்த ஒரு அண்ணன்தான் கைகொடுத்தார். வரைபட மென்பொருளின் லைசென்ஸ் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது, வீட்டில் இருந்தே அதற்குள் நுழைந்து வேலை பார் என்று வழி செய்து கொடுத்தார். பார்த்தேன். மாதக் கடைசியில் உதவித்தொகை பாதிதான் வந்தது. வீட்டில் இருந்து பார்க்கிற வேலைக்கு அவ்வளவுதான் என்று பதில் வந்தது.

மனசு வெம்பிப் போயிருந்த அந்த நாட்களில், செமினாருக்காக எடுத்த ஒரு புத்தகத்தில்தான் போஸின் வாழ்க்கை கண்ணில் பட்டது.

1858 நவம்பர் 30-இல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தவர் போஸ். அப்பா பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. அதிகாரி வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போன அந்தக் காலத்தில், மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். அங்கே போஸுக்கு ஒரு பக்கம் அப்பாவின் முஸ்லிம் சேவகர் மகன், மறுபக்கம் ஒரு மீனவர் மகன். அந்தச் சிறுவர்கள் சொன்ன பறவை, விலங்கு, மீன் கதைகள்தான் தன்னை இயற்கையின் பக்கம் இழுத்தன என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். படகுக்காரன் மகனான எனக்கு, இதைப் படித்ததும் பக்கத்து பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பது போல இருந்தது!

கல்கத்தாவில் புனித சவேரியார் கல்லூரியில் படித்தார். லஃபோன் என்ற பாதிரியார் இயற்பியலில் ஆசையை ஊட்டினார். 1880-இல் லண்டனுக்குப் போய் மருத்துவம் படிக்க ஆரம்பித்தவர், உடம்பு ஒத்துழைக்காததால் அதை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியர் புகழ்பெற்ற ராலே பிரபு.

1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் பதவி தற்காலிகம் என்று அதிலும் பாதி. ஆக மொத்தம் மூன்றில் ஒரு பங்கு! போஸ் சண்டை போடவில்லை. வேலையையும் விடவில்லை. ஒழுங்காக வகுப்பு எடுத்தார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, மூன்று வருடம்! அப்பா தொழில்களில் நஷ்டப்பட்டுக் கடன் கழுத்தை நெரித்த காலம் அது. கடைசியில் அவருடைய திறமையைப் பார்த்த கல்லூரி, வேலையை நிரந்தரமாக்கி, முழுச் சம்பளத்தையும் பழைய தேதியிலிருந்தே கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

இதற்கு நடுவில் 1887-இல் அபலா தாஸ் என்ற பெண்ணை மணந்தார். இந்த அம்மையார் நம் சென்னையில் மருத்துவம் படித்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் கொடுக்காததால், 1882-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியவில்லை. சம்பளம் வராத அந்தக் காலத்தில் கணவனும் மனைவியும் வாடகை குறைவான சந்தன்நகரில் ஆற்றோரம் குடியிருந்தார்கள். போஸ் தினமும் ஹூக்ளி ஆற்றைப் படகில் கடந்து ரயில் பிடிக்க வேண்டும். அவரை அக்கரையில் விட்டுவிட்டு, அபலா அம்மையார் படகைத் திருப்பி ஓட்டி வருவாராம். பாலத்தையும் படகையும் நம்பிப் பிழைக்கிற நம்ம தீவுக்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

36-ஆவது பிறந்தநாளில், 1894-இல், இனி வாழ்க்கை ஆராய்ச்சிக்குத்தான் என்று முடிவு செய்தார். கல்லூரியில் ஆய்வுக்கூடம் கிடையாது. குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறைதான் கிடைத்தது. உள்ளூர் தகரக் கொல்லர் ஒருவருக்குப் பழக்கிக் கொடுத்து, கருவிகளைத் தன் செலவில் செய்துகொண்டார். ஒர்க்‌ஷாப்பில் தகரம் வெட்டிக் கை கிழித்துக்கொள்ளும் தோழர்களே, உலகத்தரக் கருவிகள் அப்படித்தான் பிறந்தன!

மின்காந்த அலை உண்டு என்று ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் 1880-களின் இறுதியில் நிரூபித்திருந்தார். அவருடைய அலைகள் நீளமானவை. போஸ் அதை 5 மில்லிமீட்டர் வரை குறுக்கினார். ஒளியின் வேகத்தை இந்த நீளத்தால் வகுத்துப் பாருங்கள், 60 கிகாஹெர்ட்ஸ் வரும். நம் வீட்டு வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 12.5 செ.மீ. அதையும் தாண்டி அந்தக் காலத்திலேயே போய்விட்டார் மனிதர்.

1895-இல் கல்கத்தாவில் மக்கள் முன்னிலையில் அதைச் செய்தும் காட்டினார். ஓர் அறையில் புறப்பட்ட அலை, தலைமை தாங்கிய துணைநிலை ஆளுநரின் உடம்பையும் மூன்று சுவர்களையும் ஊடுருவி, 75 அடி தள்ளி இருந்த அறையில் மணியை அடித்தது, வெடிமருந்தை வெடிக்க வைத்தது. நடுவில் கம்பி இல்லை!

அடுத்து அவர் போட்ட திட்டம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். 20 அடி உயரக் கம்பங்கள் இரண்டு, உச்சியில் வட்டத் தகடு. ஒன்று தன் வீட்டில், இன்னொன்று ஒரு மைல் தள்ளி இருந்த கல்லூரியில். வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் கம்பியில்லாத் தொடர்பு! அதற்குள் 1896-இல் இங்கிலாந்துப் பயணம் வந்துவிட்டதால் அந்தக் கம்பங்கள் நிற்காமலே போயின.

என் மொட்டை மாடியில் நடந்ததும் அதேதான், தூரம்தான் அதிகம். லேப்டாப்பில் இருந்து வைஃபை அலை செல்போனுக்கு, அங்கிருந்து அலை கோபுரத்துக்கு, கோபுரத்தில் இருந்து ஒளியிழையில் மதுரைக்கு. நான் தட்டுகிற எழுத்தும் மவுஸ் அசைவும் அங்கே போகும். வேலை செய்வது அங்கே இருக்கிற மெஷின். திரையில் மாறிய பகுதி மட்டும் படமாகச் சுருங்கித் திரும்பி வரும். அதனால்தான் என் பழைய லேப்டாப்பே போதுமானதாக இருந்தது. வாடைக் காற்று அடித்து சிக்னல் போனால் திரை அப்படியே உறைந்து நிற்கும். ஆனால் அங்கே வரைபடம் பத்திரமாகத் திறந்தே இருக்கும், திரும்ப நுழைந்தால் விட்ட இடத்தில் தொடரலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற வாசலை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். திருடன் தட்டிக்கொண்டே இருப்பான். முதலில் வி.பி.என். என்ற பூட்டிய பாதை, பிறகுதான் கம்ப்யூட்டர். பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் இருந்தால் இன்னும் நல்லது.

போஸுக்குத் திரும்புவோம். 1897 ஜனவரி 29-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் கருவிகளோடு நின்று பேசினார். அதே வாரம், ஜனவரி 26-இல்தான், சுவாமி விவேகானந்தர் நம்ம பாம்பனில் கரை இறங்கினார், சேதுபதி மன்னர் வரவேற்றார். ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. நினைத்தாலே பெருமையாக இல்லையா?

1899-இல் இரும்பும் பாதரசமும் கொண்ட, அலையை உணரும் கருவியை வெளியிட்டார். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி சிக்னல் வாங்கியது பாதரசக் கருவியில்தான். அது போஸ் காட்டிய வழியில் வந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கண்டுபிடிப்பை விற்றுக் காசு பார்க்க போஸுக்கு மனமில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் கலீனா என்ற ஈயத்தாதுக் கருவிக்கு மட்டும் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை, எண் 755,840, கிடைத்தது. நாம் டயோடு என்று படிக்கும் குறைகடத்தி வகைக்கு அது முன்னோடி. பிறகு செடிகொடி ஆராய்ச்சி, 1917-இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையம், 1920-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி என்று உயர்ந்தார். 1937 நவம்பர் 23-இல் கிரிடியில் காலமானார்.

இனி என் கதையின் முடிவு. போஸைப் போல மூன்று வருடம் இல்லை, மூன்று நாள்கூட என்னால் பணம் வாங்காமல் இருக்க முடியாது. அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும். பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டேன். ஆனால் அவரிடம் கற்ற ஒன்றைச் செய்தேன். வேலையில் குறை வைக்காமல், எந்த போர்டை எந்தத் தேதியில் முடித்தேன், எத்தனை திருத்தம் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டாம் மாதம் கொடுத்த நான்கும் முடிந்ததும், நோட்டைப் படம் எடுத்து அனுப்பி, ஆபீஸில் இருந்திருந்தால் இதைவிட அதிகம் என்ன செய்திருப்பேன் சார் என்று பணிவாகக் கேட்டேன். அந்த மாதம் முழுத் தொகை வந்தது. முதல் மாதப் பாதி வரவே இல்லை. அதற்கும் நோட்டில் ஒரு வரி இருக்கிறது.

அலைக்கு நடுவில் எத்தனை சுவர் என்பது கணக்கில்லை, அந்தப் பக்கம் மணி அடித்ததா என்பதுதான் கணக்கு. வேலைக்கும் அதுவே அளவு. நாளை நீங்கள் வீட்டில் இருந்து வேலை பார்க்கலாம், அல்லது உங்களுக்குக் கீழே ஒருவர் பார்க்கலாம். அப்போது அந்தப் பாதிச் சம்பளத்தை நினைத்துப் பாருங்கள் தோழர்களே!

அம்மா இப்போது நடக்கிறார்கள்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புப் பிரிவு