பிராட்லாவின் ஆறாண்டுப் போர்

நம்முள் ஒருவர் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால், கடவுள் பெயரால் ஆணையிட வேண்டும் என்னும் கட்டாயம் அவருக்கு இல்லை. உளமார உறுதி கூறினாலே போதும். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டிற்கும் இடமளிக்கின்றது. இத்தகைய உரிமைக்காக இங்கிலாந்தில் ஆறாண்டு போராடியவர் சார்லஸ் பிராட்லா.

1833இல் இலண்டனில் எளிய எழுத்தர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வேதம் கற்பித்து வந்த இளமைப் பருவத்தில், திருச்சபையின் கோட்பாடுகளும் சுவிசேஷங்களும் முரண்படக் கண்டு, குருவிடம் விளக்கம் வேண்டினார். விளக்கத்திற்குப் பதிலாக நாத்திகன் என்னும் பழியே கிடைத்தது. வீட்டையும் துறக்க நேர்ந்தது. படைவீரராகவும் வழக்கறிஞரின் எழுத்தராகவும் பிழைத்தார். 1866இல் தேசிய இலௌகிக சங்கத்தை நிறுவினார். 1880களில் ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ் இதழை நடத்திய சென்னை இலௌகிக சங்கத்தாரும் இவரைப் போற்றியவர்களே.

1880இல் நார்தாம்டன் மக்கள் அவரைப் பார்லிமெண்டிற்கு அனுப்பினர். ஆணைக்கு மாறாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார், மறுத்தனர். அவ்வாறாயின் ஆணையே இடுகிறேன் என்றார். (இவ்விடத்தில் அவர் சற்றே தளர்ந்தார் என்பது எம் கருத்து.) நாத்திகரின் ஆணை செல்லாதென்று அதையும் தடுத்து, சபையின் மணிக்கூண்டிலேயே ஓரிரவு சிறைவைத்தனர். அவருடைய இடம் காலியானதாகக் கொண்டு இடைத்தேர்தல்கள் வைத்தபோதெல்லாம் நார்தாம்டன் மக்கள் அவரையே தேர்ந்தனர். 1881 ஆகஸ்டில் உள்ளே நுழைய முயன்றவரை, மேலங்கி கிழியுமாறு காவலர் இழுத்து வெளியே தள்ளினர். 1886இல்தான் இருக்கை கிடைத்தது. அவர் முயன்று நிறைவேற்றிய 1888ஆம் ஆண்டுச் சட்டம், ஆணையிட விரும்பாதார் யாவருக்கும் உறுதிமொழி உரிமையை வழங்கியது.

பிராட்லா சமயத்தையே மறுத்தவர். நாமோ ஒரு சமயத்தை ஆராய்ந்து, விரும்பி ஏற்றவர்கள். ஆயினும் குடிமகனின் நம்பிக்கை யாதென்று அரசு வாயிலில் நின்று வினவலாகாது என்ற அவர் வழக்கு நமக்கும் உரியதே. படைத்தோனை ஏற்காத தம்மத்தைப் பின்பற்றுவோர் பிறிதோர் அடைக்கலத்தை எங்கே தேடுவது?

1889இல் பம்பாய்க் காங்கிரசுக்கு வந்து, இந்தியர்க்காகப் பரிந்து பேசினார். 1891 ஜனவரி 27 அன்று, அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தைக் காமன்ஸ் சபை தன் குறிப்பேட்டினின்று நீக்கியது. அதனை அறியும் நிலையில் அவர் இல்லை. மூன்றாம் நாள் உயிர் நீத்தார். புரூக்வுட் இடுகாட்டில் நடந்த இறுதிச் சடங்கிற்கு வந்திருந்த இந்தியருள், சட்டம் பயின்றுகொண்டிருந்த மோகன்தாஸ் காந்தியும் ஒருவர்.