நாமகிரித் தாயாரின் அடியவர் கணித மேதை இராமானுஜன்

குடந்தையில் ஆராவமுதனாக எழுந்தருளியுள்ள சார்ங்கபாணிப் பெருமாளின் சந்நிதித் தெருவில், எளிய இல்லம் ஒன்றில் வளர்ந்தவர் சீனிவாச இராமானுஜன். அவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தவர். நாமக்கல் நரசிம்மப் பெருமாள் ஆலயத்தில் அருள்பாலிக்கும் நாமகிரித் தாயாரே அக்குடும்பத்தின் குலதெய்வம்.

கணிதத்தில் ஆழ்ந்த உள்ளம் பிற பாடங்களில் படியவில்லை. குடந்தை அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. வறுமையில் உழன்ற அந்நாட்களிலும் அவருடைய நோட்டுப் புத்தகங்களில் தேற்றங்கள் பெருகிய வண்ணமிருந்தன. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தைக் கண்டு வியந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டி, அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார்.

கடல் கடத்தல் ஆசாரத்திற்கு மாறெனக் கருதப்பட்ட காலம் அது. அன்னையார் முதலில் இசையவில்லை. நாமகிரித் தாயார் கனவில் தோன்றித் தடுக்கலாகாதெனப் பணித்தருளிய பின்னரே அவர் இசைந்தார் என்பர். 1914 மார்ச்சில் இராமானுஜன் கப்பலேறினார்.

ஹார்டி கடவுள் நம்பிக்கை அற்றவர். ஒவ்வொன்றுக்கும் நிரூபணம் வேண்டுபவர். இராமானுஜனோ தமக்குத் தோன்றுவன தாயாரின் அருள் என்று கொண்டவர். இவ்விருவரும் கூடி ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று, எண்களைக் கூறிடும் வகை. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகக் கூறிடலாம். 10க்கு 42 வகைகள். 100க்கோ 19 கோடிக்கும் மேல். 200க்கு எத்தனை?

மேஜர் மக்மாகன் என்னும் அறிஞர் சிறிய எண்களிலிருந்து படிப்படியாகக் கணக்கிட்டு, 200க்குரிய தொகை 3972999029388 எனக் கண்டார். அதாவது 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. ஹார்டியும் இராமானுஜனும் அமைத்த சூத்திரமோ, படிகள் ஏதுமின்றி எட்டே உறுப்புகளில் அதே எண்ணைத் தந்தது. ஆயிரத்தில் நான்கு பங்கே வேறுபாடு! விடை முழு எண்ணாகவே இருத்தல் வேண்டுமாதலின், அச்சிறு பின்னம் தானே உதிர்ந்து விடுகிறது. 1918இல் இவ்வாய்வு வெளியாயிற்று. 4, 9, 14 என ஐந்தைந்தாய் உயரும் எண்களுக்குரிய கூறுகளின் தொகை எப்போதும் ஐந்தால் வகுபடும் என்பதும் இராமானுஜன் கண்ட அதிசயமே.

அதே 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். ஆயினும் போர்க்காலத்தில் மரக்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் ஓயாத உழைப்பும் சேர, 1917 முதலே நோய் வாட்டியது. 1919இல் தாயகம் திரும்பினார். நோய்ப் படுக்கையிலும் புதிய கணிதம் படைத்த அவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் தமது 32ஆம் வயதில் திருநாடு எய்தினார்.

அருளென்று வந்ததையும் அளந்து மெய்ப்பிக்க அவர் தயங்கியதில்லை. பக்தியும் அறிவும் ஒருவர் உள்ளத்தில் பகையின்றி வாழக்கூடும் என்பதற்கு அப்பெருமகனாரின் வாழ்வே சான்று.