கிறித்தவக் கம்பர் கிருட்டிணபிள்ளை

சோழவள நாட்டுத் தேரழுந்தூரில் தோன்றிய கம்பனின் காப்பிய நெறி, காவிரிக் கரையோடும் வைணவ மரபோடும் நின்றுவிடவில்லை. எட்டயபுரத்து உமறுப்புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாழ்வைச் சீறாப்புராணமாகப் பாடியபோது அந்நெறி அவருக்குத் துணைநின்றது. அதே கம்பனைக் கற்றுத் தேறி, இயேசு பெருமானின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியத்துள் அமைத்தவர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை. கிறித்தவக் கம்பர் என்னும் பெயர் அவருக்குப் பொருத்தமானதே. ஆயினும் அப்பெயர் அவருடைய புலமையை உரைக்குமளவு, அவர் நெஞ்சம் நடந்த நெடுவழியை உரைப்பதில்லை.

நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், சங்கரநாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். குடும்பம் வைணவ நெறியில் ஊறியது; இராம காதை அவருக்கு வீட்டிலேயே வாய்த்த கல்வி. இளமையிலேயே இலக்கண இலக்கியங்களில் தேர்ந்த அவர், 1853இல் சாயர்புரம் கிறித்தவப் பள்ளியில் தமிழாசிரியர் பணியேற்றார். ஜி.யு. போப் நிறுவிய கல்விக்கூடம் அது. பணியேற்றவர் தம் சமயத்தில் உறுதியான வைணவராகவே அங்குச் சென்றார் என்பதை மறத்தலாகாது.

பாடம் சொல்லச் சென்ற இடத்தில் அவர் தாமே மாணாக்கராயினார். கிறித்தவ நூல்களைக் கற்றார். நற்செய்தி நூல்கள் காட்டும் இயேசுவின் வாழ்வை ஆராய்ந்தார். அவருடைய தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்னரே அச்சமயத்தைத் தழுவியிருந்தார். நண்பர் தனக்கோடி ராஜுவின் தொடர்பும் அவரைச் சிந்திக்க வைத்தது. 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் பூண்டார். முப்பத்தொரு வயது நிறைய இன்னும் ஐந்து நாள்களே இருந்தன. குலமும் சுற்றமும் கோயிலும் ஒன்றாய்ப் பிணைந்து கிடந்த அந்நாளில், இம்முடிவின் விலை யாது என்பதைக் குடும்பங்களை அறிந்த நம் பெரியோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

பின்னர் ஆசிரியப் பணி அவரைப் பல ஊர்களுக்கு இட்டுச் சென்றது. பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் தமிழ் கற்பித்தார். இவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாம் நின்று நோக்கவேண்டியது வேறொன்று. திருமுழுக்கு ஒரு நாளில் முடிந்தது. இயேசுவின் வாழ்வைக் கற்கும் பணியோ வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. அதன் விளைவே இரட்சணிய யாத்திரிகம்.

இங்கிலாந்தின் ஜான் பனியன் சிறையில் இருந்தபோது எழுதத் தொடங்கி 1678இல் வெளியிட்ட மோட்ச பயண நூலே இதற்கு மூலம். பாவச்சுமை தாங்கிய ஒருவன் அழிவின் நகர் நீங்கி விண்ணகர் நோக்கிச் செல்லும் உருவகக் கதை அது. கிருட்டிணபிள்ளையின் காப்பியம் நற்போதகம் என்னும் திங்களிதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஐந்து பருவங்கள், 3766 பாடல்கள்.

இதனை வெறும் மொழிபெயர்ப்பு என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. பனியனின் பயணி சிலுவையின் முன் நிற்கிறான். சுமை கழன்று விழுகிறது. அச்சிலுவையில் மாண்டவர் யார், எவ்வாறு மாண்டார் என்று பனியன் விரித்துரைக்கவில்லை. அவருடைய வாசகர் அதனைக் குழந்தைப் பருவத்திலேயே கேட்டறிந்தவர். தமிழ்நாட்டில் அந்நிலை இல்லை. ஆகவே கிருட்டிணபிள்ளை இரட்சணிய சரித படலத்தில் இயேசுவின் இறுதி நாள் நிகழ்ச்சிகளைத் தாமே விரிவாகப் பாடினார். கயிற்றால் பிணிக்கப்பட்டமை, பிலாத்துவின் முன் நின்றமை, போர்வீரரின் ஏளனம், கண்டோர் உருக்கம் ஆகியவை ஒவ்வொன்றாக வருகின்றன. இழிவுரைகளுக்கு இயேசு மறுமொழி கூறாத அந்த அமைதியிலேயே புலவரின் உள்ளம் மிகுதியும் தோய்ந்து நிற்கிறது. முடி துறந்து காடேகும் இராமனுக்காக இளமையில் உருகிய நெஞ்சம், துன்பத்தைத் தானே ஏற்கும் ஒருவரை இங்கும் கண்டுகொண்டது என்றே எமக்குத் தோன்றுகிறது. அவர் கம்பனைத் துறக்கவில்லை; கம்பன் தந்த கண்ணீரை உடன் கொண்டு சென்றார்.

ஈசா நபி (அலை) அவர்களை இறைத்தூதராக நாம் போற்றுகிறோம். சிலுவை பற்றிய நம் நம்பிக்கை வேறு. அவ்வேறுபாட்டை மறைக்காமலே இந்நூலைச் சுவைக்க இயலும். சீறாப்புராணத்தைப் பிற சமயத் தமிழறிஞர் போற்றுவதும் இவ்வாறே அன்றோ? தமிழ் மாணவர் இவ்விரு காப்பியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பயில்வாராயின், ஒரே யாப்பு மரபு இரு சமயங்களின் உள்ளத்துக்கு எவ்வாறு வளைந்து கொடுத்தது என்பதைத் தாமே காண்பர்.

பெருங்காப்பியத்தின் புகழ் அவருடைய பிற படைப்புகளைச் சற்றே மறைத்துவிட்டது. போற்றித் திருவகவலும் இரட்சணிய மனோகரமும் அவர் பாடியவை. மனோகரத்தில் கதை இல்லை. தேவார, பாசுர மரபில் ஓர் அடியார் தம் இறைவனிடம் நேர்நின்று பேசும் குரலே கேட்கிறது. காப்பியத்தில் தள்ளி நின்று பாடியவரை அருகில் காண விழைவோர் அந்நூலிலிருந்து தொடங்கலாம். காப்பியம் அச்சேறிய ஆறாம் ஆண்டில், 1900 பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார்.