பூட்டிய அறையும் கை விட்டுக் கை போன தொழிலும்: ஹைரம் லெனர்ட்

ஹைரம் லெனர்ட் தனது பட்டறையில் ஓர் அறையை எப்போதும் பூட்டியே வைத்திருந்தார். மூங்கிலைச் சீவும் இயந்திரம் அதற்குள் இருந்தது. மிக நம்பிக்கையான ஓரிருவரைத் தவிர வேறெவரும் உள்ளே போக முடியாது. தொழில் இரகசியம் வெளியே போய்விடக்கூடாது என்பது நோக்கம். ஆனால், அவரது தொழில் நிலைத்ததற்கு அவரை விட்டுப் பிரிந்து போனவர்களும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

லெனர்ட் 1831இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் செபெக் என்ற ஊரில் பிறந்தார். வேட்டை, துப்பாக்கி வேலை, விலங்குகளைப் பாடம் செய்தல் எனப் பல தொழில்கள் பார்த்தவர். 1857இல் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ மூஸ்ஹெட் ஏரிக்குக் குதிரை வண்டியில் பயணம் செய்தபோது அதே வண்டியில் லெனர்ட்டும் இருந்தார். காட்டு வேட்டைக்காரர் ஒருவர் இத்தனை மென்மையானவராக இருப்பது தோரோவை வியக்க வைத்தது. அதை அவர் தனது பயணக் கட்டுரையில் எழுதியும் வைத்தார்.

நாற்பது வயதில், 1871இல்தான், லெனர்ட் தனக்கென்று முதல் தூண்டில் தடியைச் செய்தார். அது 'பிளை' மீன்பிடிக்கான தடி. கொளுக்கியில் இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி போலச் செய்து, ஆற்று நீரில் விழுத்தி ட்ரவுட், சல்மன் பிடிக்கும் முறை அது. போலிப் பூச்சிக்குப் பாரமே கிடையாது. நூலின் பாரத்தைக் கொண்டுதான் எறிய வேண்டும். அதனால் தடி நன்றாக வளையவும் வேண்டும், உடனே நிமிரவும் வேண்டும்.

முதல் தடி மரத்தால் ஆனது. அதைப் பார்த்த பொஸ்டன் வியாபாரிகள், மூங்கிலில் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். பிளந்த மூங்கில் தடி அப்போது புதிதல்ல. பென்சில்வேனியாவில் துப்பாக்கியும் வயலினும் செய்த சாமுவேல் பிலிப்பி 1840களிலேயே அதைத் தொடங்கியிருந்தார். அவரது மகன் சொலன் அதைத் தொடர்ந்தார்.

மூங்கிலின் பலம் அதன் வெளித்தோலுக்கு அருகிலுள்ள நாரில் இருக்கிறது. அதை முக்கோணக் கீற்றுகளாகச் சீவ வேண்டும். ஒவ்வொன்றின் கோணமும் 60 பாகை. ஆறு கீற்றுகளைத் தோல் வெளிப்பக்கம் வரும்படி சேர்த்து ஒட்டினால் அறுகோணத் தடி கிடைக்கும். அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கீற்றும் சீராக மெலிந்துகொண்டே போக வேண்டும். ஒரு மயிரிழை பிழைத்தாலும் தடியின் வளைவு மாறிவிடும். கையால் சீவிய இந்த வேலையைத்தான் லெனர்ட் இயந்திரத்துக்குக் கொண்டுவந்தார். ஆயினும் மூங்கிலைத் தெரிவு செய்வதும், ஒட்டுவதும், பட்டு நூல் சுற்றி வார்னிஷ் பூசுவதும் கைவேலையாகவே இருந்தன. லெனர்ட் புல்லாங்குழல் வாசிப்பவர். இசை தெரிந்தவருக்கே நல்ல தடி செய்ய வரும் என்று அவர் நம்பியதாகச் சொல்வார்கள்.

1881இல் பட்டறை நியூயோர்க் மாநிலத்தின் சென்ட்ரல் வலிக்கு இடம்மாறியது. மருமக்களும் மெயினிலிருந்து கூட வந்த தொழிலாளர்களும் அங்கே வேலை செய்தார்கள். முதலீடு நியூயோர்க் வியாபாரிகளான மில்ஸ் குடும்பத்திடமிருந்து வந்தது. காலப்போக்கில் கொம்பனியே அவர்கள் கைக்குப் போனது. லெனர்ட்டின் பெயர் மட்டும் தடிகளில் மிஞ்சியது.

எட்வர்ட் பெய்ன், பிரெட் தோமஸ், யூஸ்டிஸ் எட்வர்ட்ஸ் ஆகிய மூவரும் பின்னர் பிரிந்து போனார்கள். கற்ற வேலையும் அவர்களோடு போனது. தோமஸ் மெயினுக்குத் திரும்பித் தன் பெயரில் தடி செய்தார். எட்வர்ட்ஸின் இரண்டு மகன்மாரும் தகப்பனின் தொழிலுக்கே வந்தார்கள். பெய்னின் மகன் ஜிம், தகப்பனையும் மிஞ்சினார் என்று பலர் சொல்வார்கள். 1968இல் இறக்கும் வரை அவர் இந்தத் தொழிலை விடவில்லை.

லெனர்ட் 1907இல் காலமானார். 1950இல் அமெரிக்கா சீனாவுடனான வர்த்தகத்தைத் தடை செய்தது. தடிக்கான மூங்கில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதே காலத்தில் மலிவான கண்ணாடி நார்த் தடிகளும் சந்தைக்கு வந்தன. பல பட்டறைகள் மூடப்பட்டன. 1964இல் லெனர்ட் தொழிற்சாலை தீயில் எரிந்தது.

பட்டறையையும் ஆயுதங்களையும் அப்படியே விட்டுவிட்டு இடம்பெயர்ந்த தச்சரையும் கொல்லரையும் அறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. எதை இழந்தோம், எது மிஞ்சியது என்ற கணக்கை நாம் இன்னும் முடிக்கவில்லை. அந்தக் கணக்கோடுதான் நான் லெனர்ட்டின் வாழ்க்கையை வாசித்தேன். அவரது கொம்பனி பிறர் கைக்குப் போனது, கட்டடம் எரிந்தது, மூங்கில் வரும் வழியும் அடைபட்டது. இருந்தும் அறுகோண மூங்கில் தடி இன்றும் சிறு பட்டறைகளில் செய்யப்படுகிறது. பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய கைகள் அதைக் காப்பாற்றின. நமது ஊர்களில் தொழில் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பிள்ளையாவது வேண்டும்.