ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்த பெயிண்டர்

பாலில் உறைமோர் ஊற்றினால் தயிராகிறது. உறைமோர் கெட்டுப்போனால் தயிரும் கெட்டுப்போகும். இது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த சங்கதி.

சாராயம், பீர் செய்வதற்கும் இப்படி ஓர் உறை உண்டு. அதன் பெயர் ஈஸ்ட். கண்ணுக்குத் தெரியாத உயிர். சர்க்கரையைத் தின்று, சாராயத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும்.

ஈஸ்ட்டில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்று பிரித்துக் காட்டியவர் எமில் கிறிஸ்டியன் ஹன்சன். டென்மார்க் நாட்டுக்காரர்.

ஏழை வீட்டுப் பிள்ளை

1842-ம் ஆண்டு ரிபே என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைத்தார். ஓவியராக வேண்டும் என்பது அவர் ஆசை. அது நிறைவேறவில்லை. பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கதை எழுதி வந்த பணத்தில் படித்தார்.

சர்வகலாசாலையில் காலடி வைத்தபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது. சாணத்தில் முளைக்கும் காளான்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். கேட்பவர்கள் முகம் சுளிக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் 1876-ல் அதற்குத் தங்கப் பதக்கமே கிடைத்தது!

முதலாளிக்கு வந்த சோதனை

கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் என்ற பெரிய பீர் ஆலை இருந்தது. அதன் முதலாளி ஜேக்கப்சன். 1845-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து குதிரை வண்டியில் ஈஸ்ட் கொண்டுவந்தவர் அவர். வழியில் வண்டி நின்ற இடமெல்லாம் பாத்திரத்தின்மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தாராம். அந்த ஈஸ்ட்டிலிருந்து வளர்ந்ததுதான் அவருடைய தொழில்.

ஆலையோடு ஓர் ஆராய்ச்சிசாலையையும் அவர் நிறுவியிருந்தார். 1879-ல் ஹன்சன் அங்கே ஒரு பிரிவின் தலைவரானார்.

1883-ல் ஆபத்து வந்தது. ஆலையின் பீர் கெட்டுப்போய்க் கசந்தது, நாறியது. பீர் கெடுவதற்குப் பாக்டீரியாக் கிருமிகளே காரணம் என்று பிரெஞ்சு மேதை லூயி பாஸ்டர் எழுதியிருந்தார். ஜேக்கப்சனுக்கு அவர் மீது அளவு கடந்த பக்தி. ஆனால் ஹன்சனோ, ஈஸ்ட்டுக்குள்ளேயே திருடன் இருக்கிறான் என்று சந்தேகித்தார். முதலாளி லேசில் நம்பவில்லை.

ஒன்றே ஒன்று

கலந்து கிடக்கும் கோடிக்கணக்கான உயிர்களிலிருந்து ஒன்றை மட்டும் பிடிப்பது எப்படி?

ஹன்சன் ஈஸ்ட்டை நீரில் கரைத்தார். பூதக்கண்ணாடியில் வைத்து எண்ணினார். மேலும் மேலும் நீர் விட்டார். இரண்டு சொட்டுக்கு ஓர் உயிர் என்ற அளவுக்கு வந்ததும், இனிப்புச் சாறு இருந்த குப்பிகளில் ஒவ்வொரு சொட்டாக விட்டார். சில நாள் கழித்துச் சில குப்பிகளில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. ஒரு புள்ளி என்றால் ஒரே உயிரின் வம்சம்!

ஆலையின் ஈஸ்ட்டில் நான்கு ரகங்கள் இருந்தன. அவற்றில் நல்ல பீர் தந்தது ஒன்றுதான்.

அந்த ஒரு ரகத்தை மட்டும் வளர்த்து, 1883 நவம்பர் 12-ந் தேதி ஆலையில் ஊற்றினார்கள். பீர் நன்றாக வந்தது. ஜேக்கப்சனும் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். இந்த ரகசியத்தைப் பெட்டியில் பூட்டியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். அவரோ, போட்டி ஆலைகளுக்கும் அந்த ஈஸ்ட்டை இலவசமாகக் கொடுத்தார். முறையையும் மறைக்கவில்லை.

அதன் பிறகு ரகம் பார்த்து ஈஸ்ட் எடுக்கும் வழக்கம் மற்றத் தொழில்களுக்கும் பரவியது. சாராய ஆலைக்காரர், வேகமாகப் பொங்கி அதிகச் சாராயம் தரும் ரகத்தைத் தேடினார். ரொட்டிக்காரருக்கு மாவை உப்ப வைக்கும் ரகம் போதும்.

ஹன்சன் 1909-ல் காலமானார். அவர் பிடித்த ஈஸ்ட் இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது. அந்தப் பெற்றோரில் ஒன்று காட்டு ஈஸ்ட். அதைத் தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காட்டு மரங்களில் கண்டுபிடித்ததாக 2011-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.