தர்மாஸனம் ஏறிய ஏழைச் சிறுவன்

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் முதலிய ஊர்களிலிருந்து துறைமுகச் சாலை வழியே பாரிமுனைக்கு வரும் பக்தர்கள் உயர்நீதிமன்றத்தின் செந்நிற மாடங்களைக் கண்டிருப்பார்கள். ஆதியில் சென்னகேசவப் பெருமாள் எழுந்தருளியிருந்த ஸ்தலம் அது. 18-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கும்பினியார் கோட்டையின் காவலைக் கருதி அக்கோயிலை அகற்றினர். பின்னர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் பெருமுயற்சியால் பூக்கடைப் பகுதியில் அது மீண்டும் எழுந்தது. பெருமாள் எழுந்தருளியிருந்த அவ்விடத்தில் இன்று நீதிமான் ஒருவரின் சலவைக்கல் திருவுருவம் விளங்குகிறது. அவரே ஸர் டி. முத்துஸ்வாமி அய்யர்.

தஞ்சை ஜில்லா உச்சுவாடியில் 1832 ஜனவரி 28-ஆம் நாள் பிறந்த அவர், வறுமையினால் இளமையிலேயே கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் அமர்ந்தார். சிறுவனின் கூர்மதியைக் கண்ட திருவாரூர்த் தாசில்தார் முத்துஸ்வாமி நாயக்கர் அவரைப் படிக்க வைத்தார். சென்னையில் தெருவிளக்கின் ஒளியில் அவர் பயின்றதாகச் சொல்வர். 1854-இல் ஆங்கிலக் கட்டுரைக்கு 500 ரூபாய் பரிசு பெற்றார். அதன்பின் முன்சீப் முதலாகப் படிப்படியாக உயர்ந்தார்.

சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது ஒரு வழக்கு வந்தது. எளியவன் ஒருவனை அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் உயர்நீதிமன்றத்தின் ஐரோப்பிய நீதிபதி. நேரில் வரவேண்டாமென்று விலக்களிக்குமாறு மேலிடத்தார் கூறியும் இசையாமல், அவரை வரவழைத்து மூன்று ரூபாய் அபராதம் விதித்தார் என்பர். தொகை அற்பமே, ஆயினும் அதனால் தம் உத்தியோகத்திற்கே கேடு வரலாம் என்பதை அவர் அறியாதவரல்லர். கன்றுக்கும் மகனுக்கும் ஒரே நீதி கண்ட சோழனின் திருவாரூரில் வளர்ந்தவர் அன்றோ!

பின்னர் அவரே அவ்வுயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். ஆங்கிலேயர் பத்திரிகைகள் அந்நியமனத்தை இகழ்ந்தன. அதற்கு மறுமொழி கூறவே இளைஞர் அறுவர் கூடி, 1878 செப்டம்பர் 20 அன்று 'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கினர். 1891-இல் மலபார் விவாகக் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். 1893-இல் சிறிது காலம் தலைமை நீதிபதியின் ஸ்தானத்தையும் வகித்த அவர், 1895 ஜனவரி 25 அன்று பரமபதித்தார்.

ஸந்நிதியில் தீர்த்தம் ஸாதிக்கும் அடியேனின் கை, முன்னே நிற்கும் ஏழையைத் தாண்டிப் பின்னே நிற்கும் பெரிய மனிதரிடம் நீண்டதுண்டு. அந்த மூன்று ரூபாயை நினைக்கும்போதெல்லாம் வெட்கம் உண்டாகிறது. எம்பெருமான் திருமுன் வலியவர், எளியவர் என்ற பேதமில்லை. அந்த ஸமத்வத்தைத் தம் ஆஸனத்திலும் காத்தவர் என்பதனாலேயே அப்பெருமான் எழுந்தருளியிருந்த மண்ணில் அவர் திருவுருவம் அமைந்தது மிகப் பொருத்தம். உத்ஸவம் ஸேவித்துத் திரும்பும் அன்பர்கள் அவ்வழியே செல்கையில் அவரை ஒருகணம் நினைப்பார்களாக.

சுபம்.